விண் வேலி: யாழ்ப்பாணத்தில் ஓர் ஒலிச் சிற்பத்தின் மூன்று நாட்கள்

இரண்டாம் நாள் மாலை ஆறரை மணியிருக்கும். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பேத்தியைக் கையில் பிடித்தபடி எங்கள் வேலிக்கு முன்னால் வந்து நின்றார். பனையோலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்பீக்கர்களில் இருந்து தாழ்ந்த சுருதியில் ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அவர் வேலியைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரைக்கும் கண்ணால் தேடினார். பிறகு என்னிடம், "தம்பி, இந்தச் சத்தம் எனக்கு வேண்டாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு படலையால் வெளியே போய்விட்டார்.

அவர் எதைத் தேடினார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தைச் சனம் 'வண்டு' என்றுதான் சொன்னது. வண்டு வந்துபோனால் அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரிந்திருந்தது. மூன்று மாதம் உழைத்து நாங்கள் செய்த ஒலிச் சிற்பம் அந்த அம்மாவுக்கு வண்டாகக் கேட்டது. அது எப்படி ஆனது, எங்கே பிழைவிட்டோம், அன்றிரவு எதைக் கழற்றி எதை மாட்டினோம், மூன்றாம் நாள் என்ன நடந்தது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி வேலையில் இறங்கப் பல இளையவர்கள் ஆசையோடு வருகிறார்கள். அவர்கள் எங்கள் பிழைகளில் இருந்து தொடங்கட்டும்.

வேலியும் விண்ணும்

பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், நகரத்துக்குள் ஒரு பழைய நாற்சார் வீட்டு வளவில் மூன்று நாள் டிஜிற்றல் கலைக் காட்சி நடந்தது. சிறிய காட்சிதான். எங்கள் குழுவில் ஐந்து பேர். நான் ரேடியோ, ஆம்ப்ளிபையர் திருத்துபவன். நுண்கலை படித்த ஒரு தங்கச்சி வடிவத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டு மாணவர்கள் நிரலும் வயரும். ஐந்தாவது ஆள் வல்வெட்டித்துறையில் சிறு வயதில் இருந்து பட்டம் கட்டிவரும் ஓர் அண்ணை. அவர் இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை.

விண் என்றால் என்ன என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வில். மூங்கில் அல்லது கமுகஞ் சலாகையை வளைத்து, இரண்டு நுனிக்கும் இடையில் மெல்லிய தட்டை நாடா ஒன்றை இழுத்துக் கட்டுவார்கள். அதைப் பட்டத்தின் தலைப்பக்கம் பூட்டி ஏற்றினால் காற்றில் நாடா அதிர்ந்து கூவும். மார்கழி, தை இரவுகளில் பட்டத்தை இறக்காமல் நூலை மரத்தில் கட்டிவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. வாடைக் காற்று நிற்கும் வரைக்கும் அந்தக் கூவல் ஊருக்கு மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் படம் எடுப்பது நிறத்தையும் உருவத்தையும்தான். எனக்கு அந்தச் சத்தம்தான் பெரிது.

விண் பாடும் முறை சாதாரணக் கம்பி காற்றில் பாடும் முறையில் இருந்து வேறுபட்டது. உருண்டைக் கம்பியில் காற்றுப் பட்டால் கம்பிக்குப் பின்னால் சின்னச் சுழிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறிக் கழலும். 1 மில்லிமீற்றர் தடிப்பான கம்பியில் செக்கனுக்கு 5 மீற்றர் வேகக் காற்றுப் பட்டால் சுமார் 1000 ஹெர்ட்ஸில் சுழி கழலும். காற்று கூடினால் சுருதியும் கூடும். தட்டை நாடாவில் நடப்பது வேறு. காற்று நாடாவை முறுக்குகிறது. முறுகிய நாடா காற்றைப் பிடிக்கிற கோணம் மாறுகிறது. மாறிய கோணத்தில் காற்று அதை மறுபடி தள்ளுகிறது. இந்தத் தள்ளுமுள்ளு நாடாவின் சொந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிலைத்துவிடும். ஆகவே விண்ணின் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நாடாவின் நீளமும் இழுவையும். நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும். நீளத்தை மாற்றாமல் அதே ஒரு ஸ்தாயியை ஏற்ற வேண்டுமானால் இழுவையை நான்கு மடங்காக்க வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கு பின்னால் உதவும்.

அப்புறம் வேலி. யாழ்ப்பாணத்து வேலிக்குள் ஊர்க்கதை முழுக்க இருக்கிறது. கதியால், அதாவது வேலிக்கு நடுகிற தடி, ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் கோடு (நீதிமன்றம்) வரைக்கும் போன குடும்பங்கள் எத்தனை. அதே வேலியில் ஒரு பொட்டும், அதாவது ஆள் நுழையக்கூடிய சின்ன இடைவெளியும் இருக்கும். பொட்டுக்குள்ளால் கறிக் கிண்ணம் போகும், பிள்ளை போகும், கதை போகும். பொட்டுக்குள் தலை வைத்துக் கேட்கிற வேலி ஒன்றைச் செய்தால் என்ன என்று தங்கச்சிதான் முதலில் கேட்டார்.

வரைந்த திட்டம் இதுதான். 11 மீற்றர் நீளத்துக்குப் பூவரசங் கதியால் நட்டுப் பனையோலை வேலி. வேலியின் மேல் விளிம்பில் ஒன்பது விண். ஒவ்வொரு வில்லிலும் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பித்தளைத் தட்டு பீசோ ஒன்றை ஒட்டி அதிர்வை எடுப்பது. வேலியில் நான்கு பொட்டு. ஒவ்வொரு பொட்டின் ஓரத்திலும் தூரத்தை அளக்கும் மீயொலி உணரி. ஆள் கிட்ட வர வர, அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை அந்தத் தூரத்தைக் கணினிக்குச் சொல்லும். கணினி விண்ணின் ஒலியைப் பிசைந்து, ஓலைக்குப் பின்னால் ஒளித்து வைத்த ஸ்பீக்கருக்கு அனுப்பும். கடதாசியில் நல்ல வடிவாகத்தான் இருந்தது.

இதைச் செய்ய என்னைத் தூண்டியவை இரண்டு. ஒன்று, ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் நடக்கும் ஆர்ஸ் எலெக்ட்ரோனிக்கா விழாவின் தொடக்கம். டிஜிற்றல் கலை விழாக்களில் மூத்தவற்றில் ஒன்று அது. 1979 செப்டெம்பரில் முதல் விழாவின்போது புரூக்னரின் எட்டாம் சிம்பொனியை டான்யூப் ஆற்றங்கரைப் பூங்காவில் பெரிய ஸ்பீக்கர்களில் ஒலிக்க விட்டார்கள். அதே நேரம் வானொலியிலும் போட்டு, ஊர்ச்சனத்தைத் தங்கள் ரேடியோவை ஜன்னலில் தூக்கி வைக்கச் சொன்னார்கள். வீட்டுப் பொருளாலேயே நகரம் ஒரு வாத்தியமானது. மற்றது குரோவேசியாவின் ஸாடர் நகரக் கடற்கரையில் கட்டடக் கலைஞர் நிக்கோலா பாஷிச் 2005 இல் அமைத்த கடல் ஓர்கன். சுமார் 70 மீற்றர் நீளத்துக்குக் கடலுக்குள் இறங்கும் கல் படிகள், அவற்றுக்கு அடியில் 35 குழாய்கள். அலை உள்ளே ஏறிக் காற்றைத் தள்ளும்போது நடைபாதைத் துளைகளால் சுரம் வரும். கரண்டே வேண்டாம். அதைப் பார்த்தும் நான் உணரியும் கணினியும் ஸ்பீக்கரும் வைத்தேன் என்பதை இப்போது நினைக்க வருத்தமாக இருக்கிறது.

இடம் மாறியது

முதலில் பண்ணை என்ற இடத்தில் கடலோரமாக ஒரு திறந்த வெளி கிடைக்கும் என்றிருந்தது. வாடை அங்கே தடையில்லாமல் வரும். கடைசி வாரத்தில் அது கைவிட்டுப் போய், நகரத்துக்குள் வளவு கிடைத்தது. மூன்று பக்கமும் மதில், நடுவில் மாமரமும் பலாமரமும். நிலத்துக்குக் கிட்டக் காற்று எப்போதும் மெதுவாகத்தான் ஓடும். மதிலும் மரமும் அதைக் குழப்பிச் சுழல வைக்கும். விண்ணுக்கு வேண்டியது ஒரே சீரான ஓட்டம்.

அண்ணை வந்து ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "தம்பியவை, விண்ணைக் கொண்டுவந்து நிலத்திலை நட்டுப்போட்டுக் கத்து எண்டால் அது எப்பிடிக் கத்தும்? மேலை ஏத்துங்கோ" என்றார். நாங்கள் தலையாட்டினோம். காற்றுக் குறைந்தால் பீசோவின் சமிக்ஞையைக் கூட்டிவிடலாம் என்று எனக்குள் ஒரு துணிவு. ஆம்ப்ளிபையர்காரனின் துணிவு அது.

முதல் நாள்

காலையில் நல்ல காற்று. ஒன்பதில் ஆறு விண் பாடின. சனம் வந்தது. ஆனால் யாரும் பொட்டுக்குக் கிட்டப் போகவில்லை. பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலியின் நீளத்துக்கு நடந்தார்கள். காட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்பது பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து எங்களுக்குள் ஊறிய பழக்கம். "தொடலாமோ?" என்று கேட்டவர்கள் சிலர். தொட ஒன்றும் இல்லை, கிட்ட வந்தால் போதும் என்று நாங்கள் சொன்னால், கிட்ட வந்து, ஒரு நிமிடம் நின்று, "சரி தம்பி, நல்லாயிருக்கு" என்று போய்விடுவார்கள். அந்த 'நல்லாயிருக்கு' எப்படிப்பட்டது என்று செய்தவனுக்குத் தெரியும்.

பிள்ளைகள் மட்டும் கையை உள்ளே விட்டார்கள். ஒரு பையன் கையை விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். மூன்றாம் தரம் கையை எடுத்துத் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு பொட்டுக்குள் சத்தம் மாறியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு மாணவர்களோடு இருந்து கணக்குப் பார்த்தேன். மீயொலி உணரி 40 கிலோஹெர்ட்ஸில் ஒரு சின்ன ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். நான்கையும் ஒரே நேரத்தில் இயக்கினால் ஒன்றின் துடிப்பை மற்றது கேட்டுக் குழம்பும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் 60 மில்லிசெக்கன் இடைவெளி விட்டிருந்தோம். நான்குக்கும் 240 மில்லிசெக்கன். அதோடு முடியவில்லை. சேலைத் துணி மீயொலியை உறிஞ்சிவிடும், ஆடுகிற ஓலை அதைச் சிதறடிக்கும். இதனால் வரும் தாறுமாறான எண்களை அடக்க மாணவர்கள் ஐந்து அளவீடுகளின் சராசரியை எடுத்திருந்தார்கள். 240 ஐ ஐந்தால் பெருக்கினால் 1200. கையை அசைத்து ஒரு செக்கனுக்கும் கூடுதலான நேரம் கழித்துத்தான் சத்தம் முழுதாக மாறும். தன் கைச்செயலால் இது நடந்தது என்று மனிதர் உணர வேண்டுமானால் பதில் சுமார் 100 மில்லிசெக்கனுக்குள் வர வேண்டும் என்பது கணினி வடிவமைப்பில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. வாத்தியம் வாசிப்பவருக்கு அதிலும் எவ்வளவோ குறைவாக வேண்டும்.

சராசரியைக் குறைத்தோம், வேகம் கூடியது, எண்கள் துள்ளின. அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை. கனடாக் கலைஞர் டேவிட் ரோக்பி 1980களில் கமராவும் கணினியும் கொண்டு, உடல் அசைவை ஒலியாக்கும் ஒரு படைப்பைப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்திச் செய்தவர். அவர் கண்டு எழுதிய ஒரு விஷயம் உண்டு. உள்ளே வரும் ஆள் முதலில் ஒரு கேள்வி போலக் கையை அசைப்பார், ஒலி வரும். உடனே அதே அசைவைக் கட்டளை போலச் செய்து பார்ப்பார். உடலின் இறுக்கம் மாறியதால் ஒலியும் மாறும். இது எனக்குப் பதில் சொல்லவில்லை என்று நினைத்து அவர் போய்விடுவார். ரோக்பியின் கருவி மிக நுட்பமாக இருந்ததால் வந்த சிக்கல் அது. எங்களுடையது மந்தமாக இருந்ததால் வந்தது. இரண்டிலும் ஆளுக்குத் தன் கைக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற இணைப்புக் கண்ணில் படவில்லை. நிரலைத் திருத்தி அந்த இணைப்பைக் காட்ட முடியும் என்று முதல் நாள் இரவு நான் இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்

மாலை ஐந்தரைக்கே காற்று விழுந்துவிட்டது. ஒன்பது விண்ணும் ஊமை. ஆறு மணிக்குப் பக்கத்துக் கோயில் பூசை தொடங்கியது. லவுட்ஸ்பீக்கரில் நாதஸ்வரம். யாழ்ப்பாண நகரத்துக்குள் மாலையில் ஒலி சார்ந்த ஒன்றைக் காட்சிக்கு வைப்பவர்கள் இதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கோயில் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது, நாங்கள் மூன்று நாளைக்கு வந்தவர்கள். ஆனால் எங்கள் மாணவர்களில் ஒருவன் பதறிப்போய், வேலியில் இருந்து ஒன்றும் கேட்கவில்லையே என்று ஆம்ப்ளிபையரை மேலே தூக்கினான். பூசை முடிந்து லவுட்ஸ்பீக்கர் நின்றது. அவன் திருகியதைக் குறைக்க மறந்துவிட்டான்.

அந்த அம்மா கேட்டது அப்போது வந்த சத்தம். அதில் விண் இல்லை. அசைய ஒரு காற்றும் இல்லாத நேரத்தில் விண் எப்படிக் கூவும்? சோதித்தபோது தெரிந்தது. கணினிக்குக் கரண்ட் பின்பக்கக் குசினியில் இருந்து நீட்டுவயரில் வந்தது. ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்கு முன் விறாந்தையில் இருந்து வந்தது. இரண்டு இடத்துக்கும் பூமித் தொடுப்பு வேறு வேறு. இரண்டையும் ஒலிவயரால் இணைத்ததும் ஒரு வளையம் உண்டாகி, மின்வலையின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 உம் ஒலிக்குள் புகுந்துவிட்டன. பீசோ மிகவும் உயர்ந்த மின்தடை கொண்ட மூலம். அதற்கு ஏற்ற முன்பெருக்கி பக்கத்திலேயே வைக்காமல், கவசமில்லாத வயரை 6 மீற்றருக்கு இழுத்திருந்தோம். அந்த வயர் ஒரு அன்ரனா போல மிச்ச இரைச்சலையும் வாரிக் கொடுத்தது. ரேடியோ திருத்துபவன் செய்யக்கூடாத வேலை. அவசரத்தில் செய்தேன்.

சின்ன எஞ்சினும் விசிறியும் கொண்டு பறக்கும் ஆளில்லா விமானத்தின் இரைச்சலும் அதே தாழ்ந்த எல்லைக்குள்தான் வரும். மங்கலான மாலை, மாறாத ஒரே சுருதி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத திசை. அந்த அம்மா வானத்தைப் பார்த்ததில் என்ன வியப்பு?

நியூயோர்க்கின் ரைம்ஸ் சதுக்கத்தில் மக்ஸ் நியூஹவுஸ் 1977 இல் ஓர் ஒலிப் படைப்பை நடைபாதைக் கம்பித் தட்டிக்குக் கீழே ஒளித்து வைத்தார். பெயர்ப்பலகை கூட இல்லை. மேலே நடப்பவர் காலுக்குக் கீழே மணியின் பின்னொலி போல ஒரு ரீங்காரத்தைக் கேட்பார், வேண்டுமானால் நிற்பார், இல்லாவிட்டால் போவார். 1992 வரைக்கும் ஒலித்தது. 2002 இல் மறுபடி தொடங்கியது. ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருப்பதே அதன் அழகு என்று நான் பலமுறை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே அது சரி. இங்கே தெரியாத இடத்தில் இருந்து வரும் ரீங்காரத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. எங்கள் ஊரில் ஒலிச் சிற்பம் செய்கிறவர், ஸ்பீக்கரை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கும் முன், ஒளிக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். இதை நான் ஒரு கலைக் கருத்தாகச் சொல்லவில்லை. அந்த அம்மா படலையைத் திறந்த விதத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இரவு வேலை

எட்டு மணிக்குக் காட்சி மூடியதும் எல்லாவற்றையும் கழற்றினோம். உணரி, அர்டுயினோ, கணினி, ஆம்ப்ளிபையர், ஸ்பீக்கர் ஒன்றும் மிச்சமில்லை. மூன்று மாத உழைப்பு ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போனதில் மாணவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அண்ணைக்கு போன் எடுத்தோம். அவர் தெரிந்த ஓட்டோவில் ஒன்பதரைக்கு வந்து இறங்கினார். முன்பே சொன்னேனே என்ற சொல் அவர் வாயில் இருந்து வரவில்லை. "ஏணி இருக்கோ?" என்றுதான் கேட்டார்.

விண்ணை மேலே ஏற்றினோம். 6 மீற்றர் மூங்கிலை மரத்தோடு அணைத்துக் கட்டி, நுனியில் பழைய சைக்கிள் ஹப் ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் வில். வில்லுக்குப் பின்னால் வால் போல ஓர் ஓலைத் துண்டு. காற்று வரும் பக்கம் வில் தானாகத் திரும்பும். வாடை பெரும்பாலும் ஒரே திசையில் வருவதால் கால்வட்டம் திரும்பினால் போதும். அதற்கு மேல் போகாமல் ஆணி அடித்துத் தடுத்தோம், இல்லாவிட்டால் கயிறு சுற்றிக்கொள்ளும். விடியும்போது ஐந்து விண்ணைத்தான் ஏற்றி முடித்திருந்தோம்.

கயிறு பற்றிச் சொல்கிறேன். நான்கு வில்லின் ஒரு நுனியில் கயிறு கட்டி, சின்னக் கப்பி வழியாகக் கீழே இறக்கி, பொட்டுக்குள் தொங்கவிட்டோம். இழுத்தால் வில்லின் நுனி வெளியே வளையும், நாடா இறுகும், சுருதி ஏறும். விட்டால் இறங்கும். ஒரு ஸ்தாயி ஏற்ற நான்கு மடங்கு இழுவை வேண்டும் என்று முன்னே சொன்னேன். மூங்கில் அதைத் தாங்காது. 1.8 மடங்கு வரைக்கும் பயமில்லாமல் இழுக்கலாம் என்று அண்ணை கையால் பார்த்துச் சொன்ன இடத்தில் முடிச்சுப் போட்டுத் தடுத்தோம். அது ஏறத்தாழ ச முதல் ம வரை. ஐந்தாவது விண்ணுக்குக் கயிறு இல்லை. அது மாறாமல் நின்று மற்றவற்றுக்குச் சுருதி பிடிக்கும்.

கயிற்றை ஏன் தெரிந்தெடுத்தோம் என்று பின்னால் பலர் கேட்டார்கள். நீண்ட யோசனை எதுவும் இல்லை. கோயில் மணிக் கயிற்றைக் கண்டால் இந்த ஊரில் யாரும் தொடலாமோ என்று கேட்பதில்லை. துலாக் கயிறு பிடித்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள்

பத்து மணிக்கு வாடை எழும்பியது. முதலில் சுருதி விண். அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற நான்கும். முதல் ஆளாக வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பொட்டைக் கண்டாள், கயிற்றைக் கண்டாள், இழுத்தாள், மேலே பார்த்தாள். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிறு வழியாக அவள் பார்வை மேலே போய் வில்லில் நின்றதை நான் பார்த்தேன். அந்த ஒரு பார்வைக்காகத்தான் முதல் நாள் இரவு நிரலைத் திருத்தினோம்.

பொட்டுக்குள் கயிறு தொங்கியதால் வேலியின் இரண்டு பக்கத்தாலும் அதைப் பிடிக்க முடிந்தது. இதை நாங்கள் திட்டமிடவில்லை. இந்தப் பக்கம் ஒருவர் இழுக்க, அந்தப் பக்கம் இன்னொருவர் கையிலும் இழுவை தெரியும். ஓலைக்கு அப்பால் யார் என்று தெரியாமலே இரண்டு பேர் ஒரே கயிற்றில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பொட்டுக்குள் குனிந்து பார்த்த பிறகு அவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்.

நாதஸ்வரம் வாசிக்கிற ஒருவர் மதியம் வந்தார். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துச் சுரத்தை ஆட்டினார். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எடுப்பதும் இதே இழுவைக் கணக்குத்தான். "இது கமகம் பேசுது" என்றார். காற்றின் ஏற்ற இறக்கத்தையும் கயிற்றின் இழுவையையும் சேர்த்துப் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அரை மணி நேரம் அந்தப் பொட்டைவிட்டு நகரவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்களும் பொறுமையாக நின்றார்கள்.

பின்னேரம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கயிற்றை இழுத்துவிட்டு, "இது எங்கடை டைனமோ மாதிரி எல்லோ" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. 1990 இல் போர் மறுபடி மூண்ட பிறகு குடாநாட்டில் ஆண்டுக்கணக்காகக் கரண்ட் இல்லை. பற்றரி தடை செய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டோம். டைனமோ 6 வோல்ட், 3 வாட். டயோட் நாலு போட்டு நேராக்கி ரேடியோவுக்குக் கொடுப்போம். செய்தி நேரத்தில் சுற்றும் முறை என்னுடையது. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும். "சுத்தடா!" என்று ஐயா கத்துவார், குரல் திரும்ப வரும். எங்கள் வீட்டில் நாங்கள் செய்த முதல் ஊடாட்ட ஒலிக் கருவி அதுதான். என் கையால்தான் ஒலி வருகிறது என்பதை எனக்குச் சொல்ல எந்தப் பலகையும் வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுக்குப் பிறகு உணரி வாங்கி, நிரல் எழுதி, அதை மறந்திருந்தேன்.

அவரும் நானும் படலையடியில் நின்று நெடுநேரம் கதைத்தோம். அவர் வீட்டில் மாட்டுவண்டில் சில்லில் டைனமோ பூட்டியிருந்தார்களாம்.

சரியாகாதவை

மூன்றாம் நாளும் ஐந்தரைக்குக் காற்று விழுந்தது. வேலி ஊமையானது. வேலை முடிந்து மாலையில் வந்தவர்களுக்கு ஏமாற்றம். சிலர் கயிற்றை இழுத்துப் பார்த்து, ஒன்றும் கேளாமல் போனார்கள். சிலர் மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தார்கள், ஏழு மணிபோல ஒரு சின்னக் காற்று வந்து சுருதி விண் மட்டும் இரண்டு தரம் முனகியது. பகலில் மட்டும் திறக்கிற காட்சியாக இதை வைத்திருக்க வேண்டும், அல்லது பண்ணைப் பக்கம் போல இரவிலும் காற்று ஓடுகிற இடம் வேண்டும். மின்சாரத்தால் அந்த இடைவெளியை நிரப்பும் எண்ணம் எனக்கு இப்போது இல்லை.

பனி இன்னொரு சிக்கல். தை மாத விடியற்காலைப் பனியில் ஓலை வால் நனைந்து பாரமாகி, வில் திரும்ப மறுத்தது. வெயில் ஏறும் வரை காத்திருந்தோம். நாடாவும் பிரச்சினைதான். பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடாவைத்தான் பாவித்தோம், வெயிலில் மெல்ல மெல்ல நீண்டு சுருதி இறங்கியது; மதியத்தில் ஒருதரம் எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டியிருந்தது.

படலையில் ஒரு பலகை வைத்தோம். உள்ளே காற்றில் கூவும் விண் இருக்கிறது, பட்டத்தில் பூட்டும் விண்தான், சத்தம் தொடர்ந்து கேட்கும் என்று இரண்டு வரி. உள்ளே வர விரும்பாதவர்கள் வாசலில் இருந்தே வில்லைப் பார்க்கும்படி ஒரு மூங்கிலை முன்பக்கமாக நட்டோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அந்த அம்மா மறுபடி வரவில்லை. பேத்தி எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியாது. விசாரித்துப் போய் விளக்கம் சொல்லலாம் என்று ஒரு மாணவன் கேட்டான். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவர் தனக்கு என்ன வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வேலியைப் பிரித்துவிட்டோம். ஓலை ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனது, பூவரசங் கதியாலை வளவுக்காரர் தன் பின்வேலியில் நட்டுக்கொண்டார், இரண்டு துளிர்த்திருக்கிறது. ஐந்து வில்லும் என் கடை விறாந்தையில் தொங்குகின்றன. அண்ணையின் அப்பு காலத்தில் பனைமட்டை நாரைச் சீவித்தான் விண் கட்டினார்களாம். வெயிலுக்கு அது நீளாது என்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வல்வெட்டித்துறைக்குப் போய் நார் சீவப் பழகுகிறோம். நாரைக் கிழியாமல் நுனி வரைக்கும் ஒரே தடிப்பில் இழுக்க வேண்டும். அவருக்குப் பத்து நிமிடத்தில் ஒன்று முடிகிறது. நாங்கள் இதுவரை ஒன்றையும் முழுதாக எடுக்கவில்லை.